இரண்டாம் பேரிங் ஏன் போனது: சாலைக்கும் பந்தயத் தடத்துக்குமாக மாற்றியமைத்த ஒரு போர்ஷே 944 டர்போ பற்றிய நிகழ்வு ஆய்வு

பந்தயத் தடத்தில் அந்தக் காருக்கு அது நான்காவது நாள். மூன்றாவது கியரில் நீண்டு செல்லும் ஒரு வளைவின் நடுவே ஆயில் அழுத்த விளக்கு ஒருமுறை மின்னி அணைந்ததை ஓட்டியவர் கவனித்தார். ஆனால் மானியின் முள் உடனே பழைய இடத்துக்கு ஏறிவிட்டதால் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. இரண்டு சுற்றுகள் கழித்து, என்ஜினின் அடிவயிற்றிலிருந்து, சுழற்சி ஏற ஏற வேகம் கூடும் கனமான தட்டல் கேட்கத் தொடங்கியது. அந்த நொடியே அவர் என்ஜினை அணைத்து, காரைத் தடத்தின் ஓரமாக உருளவிட்டு நிறுத்தினார். கிராங்க் ஷாஃப்டையும் பிளாக்கையும் காப்பாற்றியது அந்த ஒரு செயல்தான். இன்னும் ஒரு சுற்று ஓட்டியிருந்தால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம்.

கார் ஒரு நண்பருடையது. என்ஜினைப் பிரித்ததும், காரணத்தைத் தேடியதும், மீண்டும் கட்டியதும், அதன்பின் ஒவ்வொரு தட ஓட்டத்தின் பதிவுகளையும் பார்த்துவருவதும் என் பொறுப்பு. டர்போ காரில் எது உடைந்தாலும் பூஸ்டை, அதாவது டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை, கூட்டியதே காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். இந்த நிகழ்வில் பூஸ்டுக்குப் பங்கு உண்டு என்றாலும் அது இரண்டாவது இடத்தில்தான் நிற்கிறது. முதற்காரணம் டயர் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும், மறுகட்டுமானத்தில் வேலைகளின் வரிசையை அது எப்படி மாற்றியது என்பதையும் கீழே எழுதுகிறேன்.

காரின் இயல்பு

944 டர்போ 1985இல் வெளிவந்தது. 2,479 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜின், சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள், 100 மி.மீ. போர், 78.9 மி.மீ. ஸ்ட்ரோக், 8:1 அழுத்த விகிதம். கேகேகே நிறுவனத்தின் கே26 டர்போ ஏறக்குறைய 0.75 பார் பூஸ்ட் தர, 220 குதிரைத்திறனும் நிமிடத்துக்கு 3,500 சுழற்சியில் 330 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைத்தன. வினையூக்கி மாற்றி பொருத்திய காருக்கும் பொருத்தாத காருக்கும் ஒரே திறன் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல. என்ஜின் முன்னாலும் கியர்பாக்ஸ் பின்னச்சிலும் இருப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்து நிற்கிறது. வளைவில் இந்தக் கார் தரும் நம்பிக்கைக்கு அதுவே அடிப்படை.

வெப்பத்தைக் கையாள்வதில் வடிவமைப்பாளர்கள் காட்டிய அக்கறை இன்று பார்த்தாலும் மனத்தை நிறைக்கிறது. என்ஜின் வலப்புறமாக 30 டிகிரி சாய்ந்திருக்கிறது. வெளியேற்றும் துளைகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் டர்போவை அங்கே வைக்காமல், ஒரு குறுக்குக் குழாய் வழியாக வெளியேறும் வாயுவை இடப்புறம் கொண்டுவந்து, இன்டேக் மேனிஃபோல்டின் கீழே டர்போவை அமர்த்தினார்கள். சிலிண்டர் ஹெட்டில் வெளியேற்றும் துளைகளுக்குள் பீங்கான் உறை பதித்து, வாயுவின் சூடு குளிர்நீருக்குப் போகாமல் டர்போவுக்கே போய்ச் சேரும்படி செய்தார்கள். டர்போவின் பேரிங் உறைக்கு நீர்க் குளிர்விப்பு உண்டு. என்ஜினை அணைத்த பிறகும் ஒரு சிறிய மின் பம்பு அந்த நீரைச் சற்று நேரம் ஓட்டிக்கொண்டிருக்கும். ஓட்டம் முடிந்து நிற்கும் காரின் முன்புறத்திலிருந்து வரும் அந்த மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டுப் பழகியவருக்கு, அது கேட்காத நாளில் மனம் பதறும். பம்பு நின்றுபோனால் பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும், அடுத்த சில மாதங்களில் டர்போ புகையத் தொடங்கும்.

இந்த ஆய்வுக்கு மிகவும் வேண்டிய ஒரு வரலாற்றுச் செய்தி 1988ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டு வந்த டர்போ எஸ் 250 குதிரைத்திறன் கொண்டது. அதாவது கூடுதல் 30. அந்த முப்பதுக்காக டர்பைன் உறையின் அளவைப் பெரிதாக்கியதோடு, 928 எஸ்4 காரின் பெரிய பிரேக்குகள், வலுவான கிளட்ச், கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் குளிர்விப்பான், 40 விழுக்காடு பூட்டும் டிஃபரென்ஷியல், இறுக்கமான சஸ்பென்ஷன், அகலமான டயர் என்று காரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மாற்றினார்கள். 1986இல் தொடங்கிய 944 டர்போ கோப்பைப் பந்தயத் தொடரில் ஓடிய கார்களும் தொடக்கத்தில் ஏறக்குறைய அசல் திறனோடுதான் ஓடின. அதன் முதல் சாம்பியன் யோவாகிம் விங்கெல்ஹாக். பந்தயக் காருக்கே திறனைக் கூட்டாமல் மற்ற உறுப்புகளைத் திருத்தியவர்களின் வரிசைமுறையில் நமக்கு ஒரு பாடம் இருந்தது. இந்தக் காரை மாற்றியமைத்தவர்கள் அதைத் தலைகீழாகச் செய்தார்கள்.

கார் வந்த நிலை

நண்பர் வாங்கும்போதே கார் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கணினியில் வேறொரு சிப், 2.5 பார் எரிபொருள் அழுத்தச் சீராக்கிக்குப் பதில் 3 பார் சீராக்கி, பூஸ்டைக் கையால் திருகிக் கூட்டும் ஒரு வால்வு, தடையற்ற அகன்ற எக்ஸாஸ்ட் ஆகியவை இருந்தன. பூஸ்ட் 1.1 பாராக இருந்தது. முன்பக்கம் 40 மி.மீ. அளவுக்குத் தாழ்த்தப்பட்டிருந்தது. நண்பர் தம் பங்குக்குச் சேர்த்தது ஒன்றே ஒன்று: 205 மி.மீ. முன் டயருக்கும் 225 மி.மீ. பின் டயருக்கும் பதிலாக, அகலமான ரிம்மில், தடத்துக்கென்றே செய்யப்படும் மென்மையான ரப்பர் டயர்கள். சாலைப் பதிவு பெற்ற டயர்கள்தாம் அவை. தடத்துக்கு ஓட்டிப்போய், ஓடி, அதே டயரில் வீடு திரும்பலாம்.

சாலையில் அந்தக் கார் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் சொல்லவிடாமல் ஓடியது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாலையில் முழு பூஸ்ட் என்பது மூன்று, நான்கு விநாடிகளுக்கு மேல் நீடிப்பதில்லை. அடுத்த போக்குவரத்தைப் பிடித்ததும் கால் தளர்ந்துவிடும், டர்போ அழுத்திச் சூடேற்றிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மீண்டும் குளிர்ந்துவிடும், ஆயில் ஆறும். தடத்தில் இருபது நிமிட ஓட்டத்தில் அந்த இடைவெளி கிடைப்பதே இல்லை. சாலையில் நலமாக ஓடுகிறது என்பதை வைத்துத் தடத்துக்கான தகுதியை முடிவு செய்தது நண்பரின் தவறு மட்டுமல்ல. அவர் கேட்டபோது சரி என்று சொன்ன என் தவறும்தான்.

பிரித்துப் பார்த்தபோது

முதலில் ஆயில் ஃபில்டரை அறுத்துத் திறந்தேன். மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை ஒரு வெள்ளைத் துணிமேல் விரித்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் தாமிர நிறத்தில் நுண்ணிய பொடி மின்னியது. காந்தத்தை அருகில் கொண்டுபோனபோது அது அசையவில்லை. இரும்பு இல்லை என்றால் கிராங்க் தேயவில்லை, தேய்ந்தது ராடுக்கும் கிராங்குக்கும் இடையே இருக்கும் மெல்லிய உலோக உறையான பேரிங் ஷெல் என்று அங்கேயே புரிந்துவிட்டது. 944இல் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் கலனான சம்பைக் கழற்ற முன் குறுக்குச் சட்டத்தையும் இறக்கியாக வேண்டும்; அந்த வேலையை முடித்து ராட் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்று, மூன்று, நான்கு ஆகியவற்றின் ஷெல்களில் மெல்லிய கோடுகள் மட்டுமே இருந்தன. இரண்டாம் ராடின் மேல் ஷெல்லிலோ வெள்ளி நிற மேற்பூச்சு முழுதும் போய், அடியிலுள்ள தாமிரக் கலவை வெளியே தெரிந்தது, ஓரம் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. இந்த என்ஜினில் ஆயில் வற்றும்போது முதலில் அடிபடுவது இரண்டாம் ராட் பேரிங்தான் என்பதைத் தடத்தில் இந்தக் காரை ஓட்டுபவர்கள் நீண்ட காலமாக அறிவார்கள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும். ஸ்பார்க் பிளக்குகளை லென்ஸின் அடியில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் சிலிண்டரின் பிளக்கில், வெண்ணிறப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளும், அவற்றினிடையே ஒளியைத் திருப்பும் மிகச் சிறிய அலுமினியத் துணுக்குகளும் ஒட்டியிருந்தன. அலுமினியம் பிஸ்டனின் தலையிலிருந்துதான் வந்திருக்க முடியும். எரிபொருள் கலவையின் ஒரு பகுதி, தீப்பொறியில் பிறந்த சுடர் வந்து சேரும்வரை காத்திராமல் தானே வெடிக்கும் நாக்கிங் அந்தச் சிலிண்டரில் நடந்திருக்கிறது. இரண்டாம் சிலிண்டரின் பிளக்கிலும் புள்ளிகள் இருந்தன, துணுக்குகள் இல்லை. ஹெட் கேஸ்கெட்டில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள வளையம் லேசாக நசுங்கத் தொடங்கியிருந்தது. சிலிண்டர் சுவர்கள் நல்லவேளையாகச் சுத்தமாக இருந்தன. இந்தப் பிளாக்கில் தனியான இரும்புக் குழல் கிடையாது, சிலிக்கான் மிகுந்த அலுமினியமே சுவர். அதில் ஆழமான கீறல் விழுந்திருந்தால் வழக்கமான பட்டறை முறைகளால் அதைச் சரிசெய்ய இயலாது.

ஆயிலும் டயரும்

சம்பில் ஆயில் ஒரு குளம்போல் நிற்கிறது; அதன் அடியில் பம்பின் உறிஞ்சுகுழாய் மூழ்கியிருக்கிறது. கார் வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால், ஆயிலின் மேற்பரப்பு சரியாக 45 டிகிரி சாய்ந்து நிற்கும். 0.9 மடங்கில் அந்தச் சாய்வு 42 டிகிரி, 1.15 மடங்கில் 49 டிகிரி. ஏழு டிகிரி வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் உறிஞ்சுகுழாயின் வாய் ஆயிலுக்குள் இருக்கிறதா, காற்றில் நிற்கிறதா என்பது அந்த ஏழு டிகிரியில் தீர்மானமாகிறது. அந்தக் காலத்துச் சாலை டயர்களோடு இந்தக் கார் புவியீர்ப்பின் 0.9 மடங்கை ஒட்டித்தான் திரும்பும்; சம்பும் அதற்கேற்பவே அமைந்தது. நண்பரின் கைபேசிப் பதிவில் அந்த நீண்ட வளைவில் 1.15 மடங்கு, ஐந்து விநாடிகளுக்கு மேல் நீடித்திருந்தது.

6,000 சுழற்சியில் கிராங்க் ஒரு விநாடிக்கு 100 முறை சுற்றுகிறது. பம்பு ஒரு விநாடி காற்றைக் குடித்தால், ஆயில் படலம் இல்லாமலோ நுரைத்த ஆயிலை வைத்துக்கொண்டோ பேரிங் நூறு சுற்றுகளைத் தாங்க வேண்டும். அழுத்த மானியின் முள் மெதுவாக நகர்வது என்பதால் இந்த இறக்கத்தில் பெரும்பகுதியைக் கண்ணுக்குக் காட்டாது. விளக்கு மின்னியது என்றால் அழுத்தம் ஏற்கெனவே அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று பொருள். ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவு, நான்கு நாள்களின் ஓட்டம் என்று கணக்கிட்டால், அந்த ஷெல் நான்காம் நாள்வரை தாங்கியதே வியப்பு. இதே டயர்களை அசல் 0.75 பார் பூஸ்டோடு போட்டிருந்தாலும் இந்தப் பேரிங் போயிருக்கும், சற்றுத் தாமதமாக. அதனால்தான் டயரை முதற்காரணம் என்கிறேன்.

பூஸ்டும் எரிபொருளும்

அப்படியானால் பூஸ்டின் பங்கு என்ன? 0.75 பார் பூஸ்ட் என்றால் என்ஜினுக்குள் நுழையும் காற்றின் முழு அழுத்தம் 1.75 பார். 1.1 பார் என்றால் 2.1 பார். வெப்பநிலை மாறாவிட்டால் காற்று 20 விழுக்காடு கூடும். ஆனால் வெப்பநிலை மாறுகிறது. 30 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்றை 70 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரஸர் 1.75 மடங்கு அழுத்தினால் அது ஏறத்தாழ 105 டிகிரிக்குச் சூடாகும். 2.1 மடங்கு அழுத்தும்போது, சிறிய டர்போ தன் வசதியான எல்லையைத் தாண்டி 65 விழுக்காட்டுத் திறனில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், 140 டிகிரியைத் தொடும். இன்டர்கூலர் இதில் பெரும்பகுதியைக் கழித்துவிடும் என்றாலும், தடத்தில் அதுவே சூடேறி நிற்கும்போது மேனிஃபோல்டில் 15 டிகிரி கூடுதலாக எஞ்சுவது எளிதில் நடக்கக் கூடியது. அந்தச் சூட்டால் அடர்த்தி குறைவதையும் கழித்தால் காற்று கூடுவது 14, 15 விழுக்காடு.

எரிபொருளோ அவ்வளவு கூடவில்லை. இஞ்செக்டரின் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும், எனவே 2.5 பாரை 3 பாராக்கினால் கிடைக்கும் கூடுதல் 9.5 விழுக்காடு மட்டுமே. மீதியைச் சிப் சரிசெய்யும் என்று நம்பினார்கள். ஆனால் இந்தக் காரில் காற்றை அளப்பது ஒரு தகட்டுக் கதவு. காற்று தள்ளத் தள்ள அது திறக்கும், முழுதும் திறந்தபின் அதற்கு மேல் வரும் காற்றைப் பற்றி அது எதையும் சொல்லாது. அந்த நிலையில் சிப் தன் பட்டியலிலுள்ள எண்ணைச் சுழற்சி வேகத்துக்கு ஏற்பப் படித்துத் தருகிறதே தவிர, உண்மையில் எவ்வளவு காற்று வந்தது என்பதை அறியாது. உயர் சுழற்சியில் கலவை மெலிந்தது. எரிபொருள் மிகுதியாகச் செல்லும்போது அதன் ஆவியாதலால் கிடைக்கும் குளிர்ச்சியும் அத்தோடு போனது.

இதைவிடப் பெரிய பிழை அந்தக் கைத்திருகு வால்வு. தொழிற்சாலை இந்தக் காரில் நாக்கிங்கைக் கேட்கும் சென்சாரையும் அதற்கெனத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வைத்திருந்தது. நாக்கிங் கேட்டால் அது முதலில் இக்னிஷனைப் பின்தள்ளும். அது போதாவிட்டால், வாயுவில் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட்டை இயக்கும் மின்வால்வு வழியாகப் பூஸ்டையே குறைக்கும். மின்வால்வைக் கழற்றிவிட்டுக் கைவால்வை வைத்ததும் இரண்டாவது காவல் முற்றிலும் அகன்றது. 1980களின் நடுவிலேயே ஒரு சாலைக் காருக்கு இவ்வளவு கவனமாகக் கட்டப்பட்ட பாதுகாப்பை, சில நிமிட வேலையில் பிடுங்கி எறிந்திருந்தார்கள். அந்த வால்வைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்தது கோபம்தான்.

நாக்கிங் நடக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் மேல் சுத்தியல் அடிபோல் விழும் அழுத்தம் ராட் வழியாக மேல் ஷெல்லுக்கு வந்து சேர்கிறது. ஆயில் படலம் முழுமையாக இருந்தால் பேரிங் அதைத் தாங்கிக்கொள்ளும். வளைவில் படலம் மெலிந்து, வளைவு முடிந்து முழு ஆக்ஸிலரேட்டரில் வெளியேறும்போது, நுரைத்த ஆயிலோடு இருக்கும் பேரிங் மேல் அந்த அடி விழுந்தால் தாங்காது. அழிந்தது மேல் ஷெல் என்பதும், கீழ் ஷெல் ஓரளவு தப்பியதும் இதோடு பொருந்துகிறது. ஆயில் பஞ்சத்தை உண்டாக்கியது டயர், பஞ்சத்தில் இருந்த பேரிங்கை முடித்துவைத்தது மெலிந்த கலவையும் காவலற்ற பூஸ்டும்.

மறுகட்டுமானம்

இந்த முறை ஆயிலில் தொடங்கினோம். சம்புக்குள் உறிஞ்சுகுழாயைச் சுற்றித் தடுப்புச் சுவர்களும், ஆயிலை உள்ளே விட்டு வெளியே விடாத சிறிய கீல்கதவுகளும் பற்றவைத்தோம். கிராங்க் கிளப்பும் ஆயில் தெறிப்பைப் பிரித்து இறக்கும் தட்டு ஒன்றும் சேர்ந்தது. அதற்குமேல் ஓர் அழுத்தச் சேமிப்புக் கலன்: அழுத்தம் நன்றாக இருக்கும்போது ஆயிலை வாங்கி வைத்துக்கொண்டு, அழுத்தம் விழும் கணத்தில் திருப்பிக் கொடுக்கும். சாவியைப் போட்டவுடன் அதன் வால்வு திறந்து, என்ஜின் சுழலும் முன்பே பேரிங்குகளுக்கு ஆயில் அனுப்பும் என்பது அன்றாடச் சாலை ஓட்டத்துக்கும் நன்மை. ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் உலர் சம்ப் முறையே முழுமையான தீர்வு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அதன் தொட்டி, கூடுதல் பம்பு, குழாய்கள், அவற்றைப் பராமரிக்கும் ஒழுக்கம் ஆகியவை சாலையில் வாழும் காருக்குப் பெரும் சுமை என்பதால் தவிர்த்தோம். தடத்துக்குப் போகும்போது அரை லிட்டர் ஆயிலைக் கூடுதலாக ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. தடுப்புகள் இல்லாத சம்பில் அது ஓரளவு உதவும். தடுப்புகள் வந்த பிறகு அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கிராங்க் அளவுக்குள் இருந்தது. மெருகேற்றி, புதிய ஷெல்கள், புதிய ராட் போல்ட்டுகள் போட்டுக் கட்டினோம். அகன்ற வளையமுள்ள ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட், பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், நீர்ப் பம்பு எல்லாம் புதியவை. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும் என்ஜின் இது என்பதால் பெல்ட் விஷயத்தில் பேரத்துக்கே இடமில்லை.

டர்போவை மாற்ற வேண்டும் என்பது நண்பரின் ஆசை. பூஸ்ட் தாமதமாக, 4,000 சுழற்சியை நெருங்கும்போதுதான் முழுதாக வருகிறது என்பது அவருடைய பழைய குறை. குறுக்குக் குழாயைக் கழற்றியபோது அதற்குக் காரணம் தெரிந்தது. இணைப்பு வளையம் ஒன்றின் பாதிச் சுற்றளவில் விசிறிபோல் கரி படிந்திருந்தது. டர்பைனைச் சுழற்ற வேண்டிய வாயு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வேஸ்ட்கேட்டின் வால்வும் தன் இருக்கையில் முழுதாக அமராமல் கசிந்தது. இரண்டையும் சரிசெய்து, அதே கே26 டர்போவைப் புதுப்பித்துப் போட்டதும், முழு பூஸ்ட் 500 சுழற்சிக்கும் மேல் முன்னதாகவே வந்தது. முப்பது ஆண்டுகளைத் தாண்டிய டர்போ காரில் தாமதம் என்று சொல்லப்படுவதில் பாதி, கசிவாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். புதிய டர்போவைத் தேடும் முன் குழாய்களில் புகை விட்டுப் பார்ப்பது நல்லது.

தகட்டுக் கதவையும் பழைய கணினிகளையும் எடுத்துவிட்டு, மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் நேரடியாக அளக்கும் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்றைப் பொருத்தினோம். அதோடு பெரிய இஞ்செக்டர்களும் பரந்த வீச்சுள்ள ஆக்ஸிஜன் சென்சாரும் சேர்ந்தன. நாக்கிங் சென்சாரை மீண்டும் இணைத்து, பூஸ்டை மின்வால்வின் பொறுப்பில் ஒப்படைத்தோம். காற்று 60 டிகிரியைத் தாண்டினாலோ ஆயில் 130 டிகிரியைத் தாண்டினாலோ பூஸ்ட் தானே இறங்கும். சாலையில் உச்சம் 1 பார், தடத்தில் 0.85 பார். இது தலைகீழாக இருக்கிறதே என்று நண்பர் முதலில் ஏற்கவில்லை. சாலையில் நான்கு விநாடி தாங்க வேண்டியதும் தடத்தில் இருபது நிமிடம் தாங்க வேண்டியதும் ஒரே எண்ணாக இருக்க முடியாது என்பதைப் பதிவுகளைக் காட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது. பழைய அமைப்பில் முதல் மூன்று சுற்றுகளுக்குப் பிறகு காரின் வேகம் தளரும். இப்போது கடைசிச் சுற்றும் முதல் சுற்றைப் போலவே இருக்கிறது.

பிரேக்கும் தாழ்வும்

பிரேக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்டுநரோடு 1,430 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறங்கும்போது பிரேக்குகள் விழுங்கும் ஆற்றல் ஏறத்தாழ 1.85 மெகா ஜூல். நேர்பாதையின் முடிவில் வேகம் 210 ஆகிவிட்டால் அது 2.08 மெகா ஜூல். வேகம் 5 விழுக்காடு கூடினால் வெப்பம் 12 விழுக்காடு கூடுகிறது. 1987 டர்போவின் நான்கு பிஸ்டன் காலிபர்கள் இன்றும் நல்லவை. எனவே அவற்றை மாற்றாமல், தடத்துக்கெனத் தனி பேடுகள், முன் டிஸ்குகளுக்குக் காற்றுக் குழாய்கள், புதிய பிரேக் ஆயில் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். காரிலிருந்து வடித்த பழைய பிரேக் ஆயில் தேயிலைச் சாயம்போல் இருந்தது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி; ஈரத்தை உறிஞ்சியபின் அது 155 டிகிரிவரை இறங்கலாம். இப்போது ஒவ்வொரு தட நாளுக்கும் முன் அது மாற்றப்படுகிறது.

தாழ்த்திய முன் சஸ்பென்ஷனே என்னை மிகவும் அச்சுறுத்தியது. 1987 மாடலில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை அலுமினியத்தால் ஆனது, பந்து மூட்டு அதன் நுனியில் பதிந்திருக்கிறது. காரை அதிகம் தாழ்த்தினால் அந்தக் கை மேல்நோக்கிச் சாய்ந்து, மூட்டின் தண்டு தன் அசைவின் எல்லையிலேயே நிற்கும். பள்ளத்திலோ தடத்தின் விளிம்புக் கட்டையிலோ சக்கரம் ஏறும்போது தண்டு உறையின் விளிம்பை நெம்பி, அலுமினியம் வெடிக்கும். அது உடைந்தால் சக்கரம் காரின் அடியில் மடங்கும். இடப்புறக் கையைக் கழுவி, சாயம் தடவிப் பார்த்தபோது உறையின் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு கோடு சிவந்து தெரிந்தது. என்ஜின் அன்று நின்றுபோகாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நண்பரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கைகளும் மாற்றப்பட்டன. உயரம் 25 மி.மீ. திரும்ப ஏற்றப்பட்டது.

இப்போதைய நிலை

மறுகட்டுமானத்துக்குப் பிறகு அந்தக் கார் ஆறு நாள்கள் தடத்தில் ஓடியிருக்கிறது, இடையில் சாலையிலும் வழக்கம்போல் ஓடுகிறது. அதே டயர்கள், அதே நீண்ட வளைவு. பதிவில் பக்கவாட்டு விசை முன்பு இருந்த அளவைத் தொடுகிறது. ஆயில் அழுத்தக் கோடு அந்த இடத்தில் சற்றுக் குழிந்து, சேமிப்புக் கலன் ஆயிலைத் திருப்பித் தந்ததும் நிமிர்கிறது. ஒவ்வொரு தட நாளுக்கும் பின் ஃபில்டரை அறுத்து அதே வெள்ளைத் துணியில் விரிக்கிறேன். முதல் இரண்டு முறை புதிய என்ஜினுக்குரிய சிறு தூசி இருந்தது. அதன்பின் தாள் சுத்தமாக இருக்கிறது.

இரண்டு விஷயங்கள் பாக்கியாக உள்ளன. நான்காவது கியரில் பாரம் ஏறும்போது என்ஜினின் சுழற்சியைப் பின்னாலுள்ள கியர்பாக்ஸுக்குக் கொண்டுசெல்லும் முறுக்குக் குழாயின் பேரிங்கிலிருந்து லேசான உறுமல் வருகிறது. அதைத் திறக்கக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இன்னொன்று, சாலையில் 1.2 பார் வேண்டும் என்ற நண்பரின் புதிய கோரிக்கை. எக்ஸாஸ்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரைப் பொருத்தியாயிற்று, எண்களைச் சேர்த்துவருகிறோம். பத்தாவது தட நாள் முடிந்ததும் சம்பை மீண்டும் இறக்கி இரண்டாம் ராடின் மூடியைத் திறப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். அந்த ஷெல்லைக் கண்ணால் பார்த்த பிறகே பூஸ்டைப் பற்றிப் பேசுவது என்று அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.